சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று

பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்தவனுக்கு எல்லா வாசலும் உயரமாகத்தான் தெரியும். ரேஷன் ஆபீஸ், முனிசிபல் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வார்டு ஆபீஸ் என்று ஒவ்வொரு வாசலையும் நம் மக்கள் முட்டி மோதித்தான் கடந்திருக்கிறார்கள். ஆனால் மும்பைக்கு வந்து முப்பது ஆண்டு ஆனவர்கூட இன்றும் ஏறத் தயங்கும் வாசல் ஒன்று உண்டு. அது போலீஸ் சௌக்கியின் வாசல். குற்றம் சாட்டப்பட்டவர் தயங்கினால் வியப்பில்லை. பறிகொடுத்தவரும், அடிபட்டவரும், கண்ணால் கண்ட சாட்சியும் அல்லவா தயங்குகிறார்கள்!

அடிக்குப் பயந்து என்று சொல்லிவிடலாம். அந்தப் பயம் பொய்யல்ல. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸாரின் சித்திரவதைக்கு ஆளாகி மாண்டதை நாடு மறக்கவில்லை. அங்கே கேட்டவர்களும் தமிழர், கேட்கப்பட்டவர்களும் தமிழர். சொந்த மொழி பேசும் மண்ணிலேயே அந்தக் கதி என்றால், மொழி தெரியாத ஊரில் ஏழையின் நிலை என்ன என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த இதழில் நாம் பேச வந்தது வேறொரு அநீதி. அதில் லத்தி இல்லை, ரத்தம் இல்லை, பத்திரிகைச் செய்தி இல்லை. ஹவல்தார் மராத்தியில் கேட்கிறார். நம் ஆள் அரைகுறை இந்தியில் பதில் சொல்கிறார். ஹவல்தார் அதை மராத்தியில் எழுதுகிறார். கீழே நம் ஆளின் கைநாட்டு விழுகிறது. இரண்டு முறை மொழி மாறிய அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கைநாட்டு வைத்தவருக்குத் தெரியாது. அது தெரிய வருவது, மாதங்களோ வருடங்களோ கழித்து, கோர்ட்டில் வக்கீல் எடுத்து வாசிக்கும்போதுதான்.

ஒரு சின்ன உதாரணம் பாருங்கள். நெல்லைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்து கட்டட வேலை செய்யும் ஓர் இளைஞன். அவனிடம் இருக்கும் செல்போன் யாருடையது என்று கேட்கிறார்கள். "அண்ணன் கொடுத்தது" என்கிறான். நமக்கு அண்ணன் என்றால் யார்? கூடப் பிறந்தவரும் அண்ணன், மேஸ்திரியும் அண்ணன், டீக்கடைக்காரரும் அண்ணன். ஜபாபிலோ 'பாவு' என்று ஏறுகிறது. அவனுக்கு உடன்பிறந்தவர் யாருமே இல்லை என்று மறுநாள் தெரிந்ததும், பொய் சொன்னான், ஆகவே திருடன் என்று முடிவு கட்டப்படுகிறது. 'மாமா' என்ற சொல் இன்னும் பெரிய சங்கடம். இங்குள்ளவர்களுக்கு அது தாய்மாமன் ஒருவரையே குறிக்கும். நம் பெண்கள் மாமனாரையும் மாமா என்பார்கள், சில வீடுகளில் கணவரையும் மாமா என்பார்கள். இந்தியில் 'கல்' என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். எந்தக் 'கல்' என்று திருப்பிக் கேட்கப் பொறுமையில்லாத அதிகாரியிடம் தேதியே மாறிவிடும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது நம்முடைய 'ம்'. ஒருவர் பேசும்போது "ம்... சரிங்க... ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டிருப்பது நம் மரியாதை. காதில் விழுகிறது, சொல்லுங்கள் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அதே பழக்கத்தில், அதிகாரி அடுக்கிக்கொண்டு போகும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஹா சாப், ஹா சாப்" என்று தலையாட்டினால், அவர் கணக்கில் ஒவ்வொன்றும் ஒப்புதல். புரியவில்லை என்று சொன்னால் கோபிப்பாரோ என்ற அச்சத்தில் புரிந்ததுபோல் தலையாட்டுகிறோம். அந்தத் தலையாட்டல் வாக்குமூலமாகிறது.

விசாரணை என்பது ஒரு தொழில். அதற்குத் திறமையான முறையும் உண்டு, மட்டமான முறையும் உண்டு. "அன்று என்ன நடந்தது, உங்களுக்குத் தெரிந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டு, குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டுவிட்டுப் பிறகு சந்தேகம் கேட்பது ஒரு முறை. "நீதானே எடுத்தாய்? எங்கே வைத்திருக்கிறாய்?" என்று முடிவை முதலில் வைத்துக்கொண்டு அதற்கு ஒப்புதல் பிடுங்குவது இன்னொரு முறை. இங்கிலாந்தில் இந்த இரண்டாவது முறையின் விலையை 6 ஐரிஷ்காரர்கள் கொடுத்தார்கள். பர்மிங்காம் குண்டுவெடிப்பு வழக்கில் 1975-இல் ஆயுள் தண்டனை பெற்ற அவர்கள், 1991-இல் தண்டனை ரத்தாகி வெளியே வந்தார்கள். இடையில் போனது 16 ஆண்டுகள். இத்தகைய வழக்குகளால் தலைகுனிந்த பிறகுதான் 1990-களின் தொடக்கத்தில் அந்நாட்டுப் போலீஸ், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதை விட்டு நடந்ததைக் கேட்டறிவதே விசாரணை என்று புதிய பயிற்சி தொடங்கியது. அங்கே இன்னொரு விதியும் உண்டு. ஆங்கிலம் புரியாத கைதியை, மிக அவசரமான நிலை தவிர, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் விசாரிக்கக் கூடாது. அதன் செலவு அரசுடையது. நமக்குச் சட்டப் புத்தகம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன நாடு, இதை மட்டும் தன் வீட்டோடு வைத்துக்கொண்டது.

இங்கே நம் மக்களுக்கு மொழிபெயர்ப்பது யார்? பெரும்பாலும் பக்கத்தில் அகப்பட்டவர். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து ஒருவர் கால் முறிந்தால், ஆஸ்பத்திரியில் ஜபாப் வாங்க வரும் போலீஸாருக்கு மேஸ்திரியே மொழிபெயர்க்கிறார். சாரம் சரியாகக் கட்டவில்லை, பெல்ட் தரவில்லை என்று தொழிலாளி சொன்னால், அது மேஸ்திரி வாயில் "கால் தவறி விழுந்தேன், யார் மீதும் புகார் இல்லை" என்று மாறுவதற்கு எத்தனை நேரம் ஆகும்? சட்டப்படி நஷ்டஈடாகக் கிடைக்க வேண்டிய பணத்துக்கு அந்த ஒரு வரி எத்தனை பெரிய முட்டுக்கட்டை! கந்துவட்டிக்காரன் மீது புகார் கொடுக்கப் போனால், அவனுக்கு வேண்டியவனே மொழிபெயர்க்க முன்வருகிறான்.

இன்னொரு காட்சியை நம் பேட்டைகளில் வாழும் எல்லோரும் கண்டிருப்பார்கள். முனிசிபல் பள்ளியில் மராத்தியோ இந்தியோ படிக்கும் பத்து வயதுப் பிள்ளை, தாயின் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறது. கணவன் அடித்ததை, வேலைக்குப் போன வீட்டில் ஒருவன் கையைப் பிடித்து இழுத்ததை, அந்தத் தாய் தன் மகனிடம் எப்படிச் சொல்வாள்? பாதியை விழுங்குகிறாள். பிள்ளை புரிந்த மட்டும் சொல்கிறது. எழுதுபவர் அதிலும் பாதியை எழுதுகிறார். பிறகு, "புகாரிலேயே இதைச் சொல்லவில்லையே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

எழுதாமல் விடப்பட்ட ஒரே ஒரு வாக்கியம் என்ன செய்யும் என்பதற்குத் தமிழர்களாகிய நாம் அறிந்த சாட்சி உண்டு. 1991 ஜூனில், 19 வயதில் கைதான பேரறிவாளன், இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகத் தந்த வாக்குமூலத்தின் அடிப்படையில் தூக்குத் தண்டனை பெற்றார். அந்த வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி, ஓய்வு பெற்ற பிறகு, 2013-இல், பேட்டரி எதற்காக என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தாம் எழுதவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். 2022 மே 18 அன்று சுப்ரீம் கோர்ட் பேரறிவாளனை விடுவித்தபோது 30 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. அந்தப் படுகொலையைப் பற்றி யார் என்ன கருத்துக் கொண்டிருந்தாலும் சரி, கைதி சொன்னதில் எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை பேனா பிடித்தவரிடம் இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

அந்த வழக்கு தடா சட்டப்படி நடந்ததால்தான் போலீஸ் அதிகாரியிடம் தந்த வாக்குமூலம் சாட்சியமாயிற்று. சாதாரணச் சட்டத்தில் அது செல்லாது. ஏன் செல்லாது என்பதில் நம் முன்னோரின் கண்ணீர் கலந்திருக்கிறது. 1855-இல் சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த கமிஷன் ஓர் அறிக்கை கொடுத்தது. வரி வசூலுக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் குடியானவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்ததும், உடலை வளைத்துக் கட்டி வெயிலில் போட்டதும் அதில் பதிவாகியுள்ளன. 6 ஆண்டு கழித்து, 1861-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்றது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் அதை நிலைநிறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது.

ஆனால் ஓட்டை இல்லாமல் சட்டம் ஏது? காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள பேச்சு மட்டும் செல்லும். ஆகவேதான் 'எடுத்துக் கொடுத்தான்' என்று பஞ்சநாமா எழுதுவதில் அத்தனை ஆர்வம். பஞ்ச சாட்சியாகக் கையெழுத்துப் போட நம் ஆட்களையே தெருவில் கூப்பிடுவார்கள். பொருளை எடுத்ததைத் தன் கண்ணால் பார்க்காத எவரும் அதில் கையெழுத்திட வேண்டாம். மகாராஷ்டிரத்துக்கு இன்னொரு ஓட்டையும் தனியாக உண்டு. 1999-ஆம் ஆண்டின் மோக்கா சட்டப்படி சூப்பிரண்டெண்ட் தகுதிக்குக் குறையாத அதிகாரி எழுதும் வாக்குமூலம் செல்லும். விசாரித்த மொழியிலேயே, சொன்னபடியே எழுத வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நல்ல வார்த்தைதான். ஆனால் எந்த மொழியில் விசாரிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் யார்?

இனி, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் உரிமைகளைப் பார்ப்போம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. பெயரைச் சொல்லவே நாக்குச் சுளுக்கும் என்பது உண்மை. உள்ளே இருப்பவை பெரும்பாலும் பழைய விதிகள்தாம். அதன் 179-ஆம் பிரிவுப்படி, சாட்சியாக ஒருவரை வரவழைக்க எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், எந்த வயதுப் பெண்ணையும், ஊனமுற்றவரையும், கடும் நோயுற்றவரையும் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது. ஒரிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியைக் கட்டாக்கில் விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரவழைத்த வழக்கில், 1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் இந்த விதியை எடுத்துக்காட்டிப் போலீஸாரைக் கண்டித்தார். தன்னையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை, அரசியல் சட்டத்தின் 20-ஆவது ஷரத்துப்படி ஸ்டேஷனிலும் உண்டு என்பதும் அதே தீர்ப்புத்தான்.

முதலமைச்சராக இருந்தவருக்குக் கோர்ட் இருந்தது. பங்களா வீட்டில் பாத்திரம் துலக்கும் நம் சகோதரிக்கு? நகை காணவில்லை என்றதும் முதல் சந்தேகம் அவள் மீது. "சும்மா இரண்டு கேள்வி" என்று மாலையில் கூப்பிட்டு இரவு வரை பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். உத்தரவும் இல்லை, நோட்டீஸும் இல்லை. புதிய சட்டத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: தானே விரும்பி வந்தால் ஸ்டேஷனில் விசாரிக்கலாமாம். ஏழையின் 'விருப்பம்' எப்படிப் பெறப்படும் என்று நமக்குத் தெரியும். ஆகவே நம் பெண்களுக்குச் சொல்கிறோம்: "வீட்டுக்கு வாருங்கள், எதிரில் உட்கார்ந்து பதில் சொல்கிறேன்" என்று சொல்வது குற்றமல்ல. அது சட்டம்.

கையெழுத்து விஷயத்திலும் தெளிவு வேண்டும். புகார் கொடுப்பவர் முதல் தகவல் அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். ஆனால் அதை முதலில் வாசித்துக் காட்ட வேண்டும், அதன் நகலை உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும். விசாரணையின்போது சாட்சி சொல்லும் ஜபாப் வேறு. 181-ஆம் பிரிவு, அதில் சாட்சியின் கையெழுத்தே கூடாது என்கிறது. இது தெரியாமல் எத்தனை பேர் எத்தனை காகிதத்தில் விரல் பதித்திருக்கிறார்கள்! வெற்றுத்தாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். மொழி உரிமை நம் சட்டத்துக்குத் தெரியாத ஒன்றல்ல. நாகபுரியில் 1961-இல் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஹரிகிசன் என்பவருக்குக் காரணங்களை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். தனக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியில் வேண்டும் என்று அவர் கேட்டார், அதிகாரிகள் மறுத்தார்கள். 1962-இல் சுப்ரீம் கோர்ட், புரியாத மொழியில் கொடுப்பது கொடுத்ததாகாது என்று அவரை விடுவித்தது. 2025 நவம்பரில், அதே மகாராஷ்டிரத்திலிருந்து போன ஒரு வழக்கில், சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். உடனே முடியாவிட்டால், ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு 2 மணி நேரத்துக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தமிழில்தான் அது வர வேண்டும்.

கோர்ட்டில் சாட்சியம் புரியாத மொழியில் நடந்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைக்கு, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் மொழிபெயர்ப்பாளரை அனுமதிக்கிறது. சீருடை இல்லாமல், குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, அது நம்பும் பெரியவர் பக்கத்திலிருக்க விசாரிக்கச் சொல்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளான ஊனமுற்ற பெண்ணின் புகாரைப் பதியும்போதும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்கிறது நடைமுறைச் சட்டம். கைதுக்கு மொழி உண்டு, கோர்ட்டுக்கு மொழி உண்டு. இரண்டுக்கும் அடிப்படையான போலீஸ் விசாரணையில், சாதாரணச் சாட்சிக்கும் சந்தேகத்துக்கு உள்ளானவருக்கும், 180-ஆம் பிரிவில் மொழிபெயர்ப்பாளர் என்ற சொல்லே இல்லை! அஸ்திவாரத்தைக் கோணலாக விட்டுவிட்டுக் கோபுரத்துக்கு வர்ணம் பூசியிருக்கிறார்கள். வாக்குமூலத்தை ஒலி, ஒளிப்பதிவு செய்யலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. 'செய்யலாம்' என்பதைச் 'செய்ய வேண்டும்' என்று மாற்றினாலே பாதி வழக்கு தீரும். நம் ஆள் என்ன சொன்னார் என்பதை அவர் குரலிலேயே கோர்ட் கேட்கும் அல்லவா?

மராத்தியில் எழுதுவது தவறு என்று நாம் சொல்லவில்லை. இது மராத்தி மண். போலீஸ் அதன் மொழியில் எழுதுவது நியாயம். நம் பிள்ளைகள் அதைப் படிப்பதும் நியாயம். ஹவல்தாரும் எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் பார்க்கும் உழைப்பாளிதான். சென்னைக்கும் திருப்பூருக்கும் வரும் பீகார், ஒரிசாத் தொழிலாளிக்குத் தமிழ்நாட்டுப் போலீஸ் தமிழில் ஜபாப் எழுதிக் கைநாட்டு வாங்கினாலும் நாம் இதையேதான் சொல்வோம். அங்கே நம்மவர் கை மேலே இருக்கிறது என்பதற்காக நியாயம் மாறிவிடாது.

மாநில அரசுக்கு நாம் கொடுக்கப்போகும் மனுவில் மூன்றே கோரிக்கைகள். விசாரிக்கப்படுபவரின் தாய்மொழியை முதல் வரியில் குறிக்க வேண்டும். அந்த மொழி அதிகாரிக்குத் தெரியாவிட்டால், வழக்கில் சம்பந்தமில்லாத மொழிபெயர்ப்பாளரை அரசு செலவில் வைத்து, அவர் பெயரையும் காகிதத்தில் எழுத வேண்டும். எழுதியதை அவர் மொழியில் வாசித்துக் காட்டியதை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் பதிவாகும் கேமரா வைக்கச் சொல்லி, பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது பாதுகாக்கச் சொல்லியிருக்கிறது. ஆகவே மூன்றாவது கோரிக்கைக்குப் புதிய செலவு பெரிதாக ஒன்றுமில்லை.

சட்டம் மாறும்வரை சங்கம் சும்மா இருக்கப்போவதில்லை. மராத்தி நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளைஞர்களும், முக்கியமாகப் பெண்களும், முறை வைத்துக்கொண்டு யாருக்காவது ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால் கூடப் போக முன்வர வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சமூகத் தொண்டு வேறில்லை. கூடப் போகிறவர் வாதாட வேண்டாம், வீரம் காட்ட வேண்டாம். சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்து, எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னால் போதும். கைதானவருக்கு வக்கீலைப் பார்க்கும் உரிமையும், குடும்பத்துக்குத் தகவல் சொல்லும் உரிமையும் உண்டு. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

மனுவின் படிகள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. வேலை முடிந்து வரும் வழியில் வந்து கையெழுத்திடுங்கள். ஒரு பக்கம் மராத்தியிலும் மறு பக்கம் தமிழிலும் அச்சிட்டிருக்கிறோம். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டவும் அங்கே ஆள் இருக்கிறது; வாசித்துக் காட்டும் முன் விரல் பதிக்க வேண்டாம்.